17 வயது இடது விங்கரைக் கொடுத்து அனுபவமுள்ள தடுப்பாட்டக்காரரை வாங்கலாமா?

கேள்வி – மன்றச் செயலாளர், தூத்தூர் வட்டாரம்

எங்கள் கடலோர ஊர்க் கால்பந்து மன்றத்தில் சிறுவயது முதல் ஆடிவரும் ஒரு பையனுக்கு இப்போது 17 வயது. இடது விங்கில் ஆடுகிறான். பந்தைப் பக்கக் கோட்டை ஒட்டியே கொண்டுபோய், எதிரணி ரைட் பேக் காலை நீட்டும்வரை பொறுத்திருந்து, நீட்டிய கணத்தில் இடது வெளிப்பாதத்தால் தட்டிவிட்டு அவரைத் தாண்டிச் சென்றுவிடுவான். அந்தப் பொறுமை இந்த வயதில் எளிதில் வருவதில்லை. ஆனால், பந்தைப் பறிகொடுத்தால் திரும்பி ஓடி வந்து காக்கும் பழக்கம் அவனிடம் இன்னும் இல்லை.

சென்னையில் லீக் ஆடும் ஓர் அணியினர் அவனை நிரந்தரமாகக் கேட்கிறார்கள். அதற்கு ஈடாக, முப்பது வயதை நெருங்கும் ஒரு ஸ்டாப்பர் பேக்கை (நடுவில் நிற்கும் தடுப்பாட்டக்காரரை) எங்களுக்கு அனுப்புவதாகவும், மைதான வேலைக்கு ஒரு தொகை தருவதாகவும் சொல்கிறார்கள். எங்கள் தடுப்பாட்டம் பலவீனமானது என்பது உண்மை. எங்கள் ஆட்டக்காரர்கள் மீன்பிடிக்க ஆழ்கடலுக்குப் போகும் படகு கரை திரும்ப ஒரு மாதத்துக்கு மேலும் ஆகிவிடுவதால், பின்வரிசையில் ஒரே நால்வரைத் தொடர்ந்து நிறுத்த முடிவதில்லை. கமிட்டியில் பாதிப் பேர் கொடுத்துவிடலாம் என்கிறார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. அனுபவமுள்ளவர்கள் கருத்துச் சொல்ல வேண்டுகிறேன்.

பதில் – இரயுமன்துறையிலிருந்து

அண்ணனுக்கு வணக்கம். பையனை அனுப்புங்கள் என்றே சொல்வேன். எங்கள் ஊரைச் சேர்ந்த மைக்கேல் சூசைராஜ் 2017–18 ஐ-லீக் பருவத்தில் சென்னை சிட்டி அணிக்கு ஆடிய பிறகுதான் நாடறிந்த வீரரானார். அடுத்த ஆண்டு ஜாம்ஷெட்பூர், அதற்கடுத்த ஆண்டு கொல்கத்தாவின் ஏடிகே என்று சென்று, 2019–20 ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) கோப்பையை வென்ற அணியில் இடம்பெற்றார். தாக்கி ஆடும் இடதுகால் வீரராகப் பெயர் பெற்றவரை, அங்கே பயிற்சியாளர் ஹபாஸ் மூன்று தடுப்பாட்டக்காரர்களுக்கு முன்னே இடது விங் பேக்காக நிறுத்தினார். திரும்பி ஓடி வந்து காக்கும் வேலையை அந்த இடம் கட்டாயமாக்கிவிடும். உங்கள் பையனிடம் நீங்கள் காணும் குறை, மணல் திடலில் நம்மோடு ஆடிக்கொண்டிருந்தால் தீராது. புல்தரையில், தவற்றைத் தண்டிக்கும் எதிரணிகளுக்கு எதிராக ஆடினால்தான் தீரும்.

பதில் – குளச்சல்காரன், இப்போது கனடாவில்

முந்தைய பதிலின் நோக்கத்தோடு உடன்படுகிறேன்; ஆனால் அனுப்புவது வேறு, பண்டமாற்றுச் செய்வது வேறு. இங்கே பனி ஹாக்கி ரசிகர்கள் இன்றும் வருத்தத்தோடு பேசும் ஒரு மாற்றம் உண்டு. வான்கூவர் கனக்ஸ் அணியில் கேம் நீலி என்ற இளம் வலது விங்கர் இருந்தார். அவருடைய இடத்தில் ஸ்டான் ஸ்மைல், டோனி டான்டி என்ற இருவர் ஏற்கெனவே நிலைபெற்றிருந்ததால் அவருக்குப் போதிய வாய்ப்புக் கிடைக்கவில்லை. 1986 ஜூன் 6 அன்று, அதாவது அவருடைய 21ஆம் பிறந்தநாளிலேயே, அவரோடு, அடுத்த ஆண்டு புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் முதல் சுற்றில் தங்களுக்கிருந்த உரிமையையும் சேர்த்துக் கொடுத்து, பாஸ்டன் புரூயின்ஸிடமிருந்து பாரி பெடர்சனை வாங்கினார்கள். பெடர்சன் 1983–84 பருவத்தில் கோல்களும் கோலுக்கான உதவிகளும் சேர்த்து 116 புள்ளிகள் எடுத்தவர்தான். ஆனால் அதன்பின் தோளில் கட்டி அகற்றும் அறுவைக்கு உட்பட்டிருந்தார், பழைய ஆட்டம் அவருக்குத் திரும்பவில்லை. நீலியோ பாஸ்டனில் மூன்று பருவங்களில், ஒவ்வொன்றிலும் 50 கோலோ அதற்கு மேலோ அடித்து, 2005இல் ஹாக்கி புகழ் மன்றத்தில் இடம்பெற்றார்.

எனவே முதலில் ஒன்று கேட்கிறேன். உங்களுக்குத் தருவதாகச் சொல்லும் ஸ்டாப்பர் பேக்கைச் சமீபத்தில் யாராவது தொண்ணூறு நிமிடமும் ஆடப் பார்த்தீர்களா? அவருடைய முழங்கால் எப்படி இருக்கிறது? நல்ல நிலையில் உள்ள தடுப்பாட்டக்காரரை ஓர் அணி ஏன் இவ்வளவு எளிதாக விட்டுத் தர முன்வருகிறது என்பதை விசாரிக்காமல் கையெழுத்திடாதீர்கள்.

பதில் – உடற்கல்வி ஆசிரியர், நாகர்கோவில்

செயலாளர் அவர்களுக்கு, கமிட்டி கூடும் முன் பதிவு விவரத்தைப் பாருங்கள். பையன் உங்கள் மன்றத்தின் பெயரில், மாவட்டக் கால்பந்துச் சங்கத்தின் வழியாக முறைப்படி பதிவாகியிருக்கிறானா? பதிவு இல்லையென்றால், நீங்கள் கொடுப்பதற்கு உங்கள் கையில் உரிமையே இல்லை. அவர்கள் நேரடியாகப் பதிவு செய்துகொள்ளலாம். பதிவு இருந்தால் அதன் மதிப்பு இன்றைய மைதானத் தொகையைவிடப் பெரிதாகலாம். ஃபிஃபா விதிப்படி, பிற்காலத்தில் ஒரு வீரர் ஒப்பந்தக் காலத்துக்குள் பணத்துக்காக வெளிநாட்டு அணிக்கு மாறினால், அந்தத் தொகையில் 5 சதவீதம் அவரை 12 முதல் 23 வயதுவரை பயிற்றுவித்த மன்றங்களுக்குப் பிரித்துத் தரப்படுகிறது. அந்தப் பங்கை எந்தெந்த ஆண்டு எந்த மன்றத்தில் பதிவாகியிருந்தார் என்பதை வைத்தே கணக்கிடுகிறார்கள். பையன் அந்த உயரத்தை எட்டுவானா என்பது வேறு. பதிவேடு ஒழுங்காக இருப்பதற்கு நமக்குச் செலவு அதிகமில்லை.

இரண்டாவதாக, 18 வயது நிரம்பாதவன் தானே ஒப்பந்தம் செய்துகொள்ள இயலாது. பெற்றோர் கையெழுத்திட வேண்டும். அந்த வயதினருடன் மூன்று ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஒப்பந்தத்தையும் ஃபிஃபா ஏற்பதில்லை. ஆகவே ‘நிரந்தரம்’ என்ற பேச்சை நீக்கிவிட்டு, ஒரு பருவத்துக்குக் கடனாக அனுப்புகிறோம் என்று எழுதுங்கள். தங்குமிடம், படிப்பு, காயம் பட்டால் சிகிச்சைச் செலவு யாருடையது என்ற மூன்றும் எழுத்தில் வர வேண்டும். 2020 நவம்பரில் பருவத்தின் முதல் ஆட்டத்திலேயே சூசைராஜ் காயமுற்று வெளியேறியதை நாம் எல்லோரும் பார்த்தோம். பெரிய அணியின் வீரருக்குச் சிகிச்சை கிடைக்கும், நம் பையன்களுக்கு எழுத்தில் இல்லாவிட்டால் கிடைக்காது.

பையனும் வீட்டாரும் என்ன சொல்கிறார்கள் என்று நீங்கள் எழுதவே இல்லையே?

செயலாளர்

உண்மைதான், ஐயா; கேட்டுவந்து எழுதுகிறேன். பையன் போக விரும்புகிறான். மார்ச்சில் பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு முடியாமல் விடமாட்டேன் என்று அவன் அம்மா உறுதியாக நிற்கிறார். அவர் சொல்வது நியாயம். தேர்வுக்குப் பிறகு ஒரு பருவத்துக்குக் கடனாக அனுப்புவதாகவும், ஸ்டாப்பர் பேக் எங்களுக்கு வேண்டாம் என்றும் சென்னை அணிக்கு எழுதக் கமிட்டி இன்று ஒப்புக்கொண்டது. பதிவேட்டில் அவனுடைய முதல் இரண்டு ஆண்டுகள் விடுபட்டிருக்கின்றன. அவற்றை இப்போது சேர்க்க முடியுமா என்று மாவட்டச் சங்கத்தில் கேட்கப் போகிறோம். அந்த நடைமுறை தெரிந்தவர்கள் எழுதுங்கள்.