பத்து நிமிடம் வெளியே நின்றால் ஷிப்மென்ட் கெட்டுவிடுமா?

நொய்யல்கரை:
"பதற்ற நோய் என்பது சம்பளம் வாங்கிக்கொண்டு வெளியே போய் நிற்பதற்கு ஒரு சாக்கு" என்று நேற்று பல்லடத்தான் எழுதியிருந்தார். படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக, அதாவது ஆர்டர்களைக் கவனிக்கும் ஆளாக, இருக்கிறேன். ஷிப்மென்ட் நெருக்கத்தில் திடீரென்று நெஞ்சு படபடக்கும், விரல்கள் மரத்துப்போகும், இதோ செத்துவிடுவேன் என்று தோன்றும். ஈசிஜியில் கோளாறு எதுவும் இல்லை. பதற்ற நோயில் ஒரு வகையான பீதி நோய் என்று மனநல மருத்துவர் சொன்னார். பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்கு ஏறி, பிறகு தணியத் தொடங்கும். அந்தப் பத்து நிமிடம் மாடிப்படியில் நிற்கிறேன். இதுவா சாக்கு?

பல்லடத்தான்:
பத்து நிமிடம் என்று நீங்களே ஒப்புக்கொண்டீர்கள். தறியை விட்டுப் பத்து நிமிடம் நகர்ந்தால் நூல் அறுந்து துணியில் பழுது விழும். என் அப்பா காலமெல்லாம் தறி ஓட்டினார். ஒரு நாளும் மாடிப்படி தேடிப் போகவில்லை.

நொய்யல்கரை:
உங்கள் அப்பாவை நான் குறை சொல்லவில்லை. அவருக்குள் என்ன நடந்தது என்று நீங்கள் கேட்டிருப்பீர்களா? பதற்றம் ஏறிய நேரத்தில் அளவுப் பட்டியலைப் பார்த்தால் எண்கள் மனதில் நிற்காது. தவறான அளவுக்கு ஒப்புதல் அனுப்பிவிட்டால் மொத்த ஆர்டரும் திரும்பி வரும். பத்து நிமிடம் விலகி நிற்பது வேலையைக் காப்பாற்றத்தான். டீக்கடையில் அரை மணி நேரம் நிற்பவர்களை எந்த மேனேஜரும் கேட்பதில்லை!

செக்கிங் அக்கா:
தம்பி சொல்வது சரி. எங்கள் டேபிளில் ஒரு பெண்ணுக்கு இப்படி வந்தபோது, "மந்திரித்துக் கயிறு கட்டு" என்று சூப்பர்வைசர் அனுப்பிவிட்டார். அரசின் மனநல உதவிச் சேவையான டெலிமானஸின் 14416 என்ற எண்ணுக்குப் பேசலாம், பணம் கட்ட வேண்டியதில்லை என்று நான்தான் சொன்னேன்.

கொடுமுடி மாமா:
மாத்திரை பக்கம் மட்டும் போகாதீர்கள். அடிமையாகிவிடுவீர்கள்.

நொய்யல்கரை:
மாமா, எல்லா மாத்திரையும் ஒன்றல்ல. பதற்றத்தை உடனே தணிக்கும் அல்பிரசோலம் போன்ற மாத்திரைகளை நாள்கணக்கில் விழுங்கினால் பழக்கமாகும். அதனால்தான் மருத்துவர்கள் அளந்து கொடுக்கிறார்கள். பீதி நோய்க்குக் கொடுக்கும் இன்னொரு மாத்திரையான எஸ்சிடலோபிராம் அந்த வகை அல்ல. பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும், மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தவும் கூடாது. பாதி தெரிந்துகொண்டு பயமுறுத்தாதீர்கள்.

கொடுமுடி மாமா:
வயதுக்காவது மரியாதை கொடுங்கள்.

கோவைக்காரி:
2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் உடல்நோய்க்கு இணையாக மனநோய்க்கும் மருத்துவக் காப்பீடு தரச் சொல்கிறது. சாக்குக்கு யாராவது சட்டம் போடுவார்களா?

பல்லடத்தான்:
அந்தச் சட்டத்தில் பத்து நிமிடம் எங்கே இருக்கிறது? கோயம்புத்தூர்க்காரர்களுக்கு எங்களுக்குப் பாடம் எடுக்காவிட்டால் பொழுது போகாது.

கோவைக்காரி:
ஊரை ஏன் இழுக்கிறீர்கள்?

பல்லடத்தான்:
நூல் விலை விவாதத்தில் தறிக்காரர்களுக்குக் கணக்கு தெரியாது என்று எழுதியது நீங்கள்தானே? மறக்கவில்லை.

நொய்யல்கரை:
நூல் விலையை அங்கே பேசுங்கள். நான் கேட்டது பத்து நிமிடம். வலிப்பு வந்து ஒருவர் விழுந்தால் தண்ணீரோடு ஓடுகிறீர்கள். நான் விழாமல் நிற்கிறேன், அதனால் நடிப்பு என்கிறீர்கள்.

பல்லடத்தான்:
இன்று பத்து என்பீர்கள், நாளை இருபது கேட்பீர்கள்.

நொய்யல்கரை:
இருபது என்று நான் எங்கே எழுதினேன்? காட்டுங்கள்.

கோவைக்காரி:
நூல் விலை பற்றி நான் எழுதியதையும் முழுதாக எடுத்துப் போடுங்கள்.