மில்கிராம் சோதனை: விலகும் உரிமை உண்மையில் இருந்ததா?

மருதம்:
1961இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராம் தொடங்கிய கீழ்ப்படிதல் சோதனையை இன்று பலரும் ஒரே சொல்லில் குற்றம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். அடுத்த அறையில் இருப்பவர் தவறான விடை சொல்லும்போதெல்லாம் அவருக்கு மின்னதிர்ச்சி கொடுத்து, அதன் வோல்ட் அளவைக் கூட்டிக்கொண்டே போகும்படி பங்கேற்றவர்களிடம் சொல்லப்பட்டது. வந்தவர்களுக்குரிய 4 டாலரும் பயணப்படி 50 சென்ட்டும், என்ன நடந்தாலும் அவர்களுடையவையே என்று முன்கூட்டியே சொல்லப்பட்டது. அடுத்த அறையிலிருந்து சுவரைத் தட்டியவரின் உடலில் மின்சாரம் பாயவே இல்லை, அவர் நடித்தார். அந்தப் பொய் இல்லாமல், 40 பேரில் 26 பேர் 450 வோல்ட் என்ற உச்சம் வரை செல்வார்கள் என்பதை எப்படி அறிந்திருப்போம்?

நெய்தல்:
பணத்தைச் சொன்னீர்கள் நண்பரே, பிறகு நடந்ததைச் சொல்லவில்லை. ஒருவர் நிறுத்த விரும்பியபோது, சாம்பல் நிற அங்கி அணிந்த ஆய்வாளர் "தயவுசெய்து தொடருங்கள்" என்பதில் தொடங்கி, "உங்களுக்கு வேறு வழியில்லை, தொடர்ந்தே ஆகவேண்டும்" என்பது வரை நான்கு வாசகங்களை வரிசையாகச் சொன்னார். வழி இருந்தது, இல்லை என்றார்கள். பங்கேற்றவர்கள் வியர்த்து, திக்கி, நகத்தைச் சதையில் அழுத்திக்கொண்டதை மில்கிராமே பதிவு செய்திருக்கிறார். இதைத்தான் 1964இல் உளவியலாளர் டயானா பாம்ரிண்ட் கண்டித்து எழுதினார்.

மருதம்:
பின்னர் அனுப்பிய வினாத்தாளுக்குப் பதில் எழுதியவர்களில் 84 விழுக்காட்டினர் பங்கேற்றதில் மகிழ்ச்சி என்றார்களே. அவர்களுக்காக நாம் புண்படுவது சரியா?

நெய்தல்:
பிறகு வந்த மகிழ்ச்சி முன்பே பெற்ற ஒப்புதலாகிவிடாது. இதே சோதனையை மாற்றங்களோடு மீண்டும் நடத்தி உளவியலாளர் ஜெரி பர்கர் 2009இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள்: மனநலப் பாதிப்புக்கு ஆளாகக்கூடியவர்களை முதலிலேயே விலக்கி, எப்போது வேண்டுமானாலும் பணத்தோடு போகலாம் என்று மூன்று முறை சொல்லி, 150 வோல்ட்டிலேயே நிறுத்தி, அதிர்ச்சி போலியானது என்பதை அடுத்த சில நொடிகளுக்குள் தெரிவித்தார்கள். அப்படியிருந்தும் 70 விழுக்காட்டினர் அந்த எல்லையைத் தாண்டத் தயாராக இருந்தனர்.

மருதம்:
150 என்ற எல்லை எங்கிருந்து வந்தது? அதைத் தாண்டியவர்களில் 79 விழுக்காட்டினர் இறுதிவரை சென்றார்கள் என்று மில்கிராமின் தரவு காட்டியதால்தானே பர்கரால் அங்கே நிறுத்த முடிந்தது! நீங்கள் மெச்சும் கவனமான ஆய்வு, நீங்கள் கண்டிக்கும் ஆய்வின் தோளில் நிற்கிறது.

நெய்தல்:
அந்தக் கடனை மறுக்கவில்லை. ஆனால் யேல் ஆவணங்களைத் துருவிய உளவியலாளர் ஜீனா பெரி காட்டியது போல, பலருக்கு முழு உண்மையும் அன்றே சொல்லப்படவில்லை. மாதங்கள் கழித்து அஞ்சலில் வந்த அறிக்கையில்தான் தெரிந்தது. யேல் இருக்கும் நியூ ஹேவன் நகரில் செய்தி பரவினால் அடுத்து வருபவர் உஷாராகிவிடுவார் என்பீர்கள். அதற்காக, தான் ஒரு மனிதரைக் கொன்றிருக்கலாம் என்ற எண்ணத்தோடு ஒருவர் வீட்டுக்குப் போய்ப் படுத்திருக்கிறார். எந்த ஒப்புதல் படிவத்தில் அதற்குக் கையெழுத்து வாங்குவீர்கள்?

மருதம்:
அந்தத் தாமதத்துக்கு என்னிடம் நியாயம் இல்லை. பொய்க்கு மட்டும் இன்னும் வாதாடுவேன்.