புற்றுநோய் வலிக்கு மனநல மாத்திரை கொடுப்பது சரியா?

அம்பைவாசி:
மார்பகப் புற்றுநோய்க்காகப் பாக்லிடாக்செல் என்னும் கீமோ மருந்தை ஏற்றிக்கொண்ட எங்கள் அம்மாவுக்கு இரண்டு பாதங்களும் இரவெல்லாம் எரிகின்றன. மருத்துவர் அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம் எழுதிக் கொடுத்தார், எதற்கென்று சொல்லவில்லை. மருந்துக் கடையில் அது மனச்சோர்வுக்கான மாத்திரை என்று சொல்லிவிட, "ஏல, எனக்கென்ன பைத்தியமா புடிச்சிருக்கு?" என்று அம்மா அட்டையை வீசிவிட்டார். உடம்பின் வலியை மனத்தின் மேல் சுமத்தும் வேலையாகவே எனக்கும் இது படுகிறது.

பாளை மருந்தாளுநர்:
தம்பி, அந்த மாத்திரை முதலில் மனச்சோர்வுக்காக வந்தது உண்மை. ஆனால் அம்மாவின் பாதத்துக்கு அதைக் கொடுப்பதற்குக் காரணம் வேறு. பாக்லிடாக்செல் கைகால் நுனிவரை ஓடும் நீண்ட நரம்புகளைச் சேதப்படுத்தும். சேதமான நரம்பு, புண்ணே இல்லாத இடத்திலிருந்தும் வலிச் செய்தியை அனுப்பிக்கொண்டிருக்கும். மூளையிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கும் நரம்புப் பாதைகள் நோர்அட்ரினலின், செரோட்டோனின் என்னும் வேதிப்பொருள்களைக் கொண்டு அந்தச் செய்தியை அடக்குகின்றன. அந்த வேதிப்பொருள்கள் விரைவில் மறைந்துவிடாமல் அமிட்ரிப்டிலின் பார்த்துக்கொள்கிறது. மனச்சோர்வுக்குப் பொதுவாக 75 முதல் 150 மில்லிகிராம் வரை தேவைப்படும் மருந்தை இங்கே 10இல் தொடங்கியிருப்பதிலேயே நோக்கம் தெரிகிறது. உலக சுகாதார நிறுவனம் 1986இல் வெளியிட்ட, வலியின் கடுமைக்கேற்ப மருந்தைப் படிப்படியாக வலுப்படுத்தும் புற்றுவலிப் படிநிலையின் ஒவ்வொரு படியிலும் இத்தகைய துணைமருந்துகளுக்கு இடம் உண்டு.

கடையத்தான்:
அண்ணாச்சி சொல்லும் அறிவியலோடு எனக்கு வழக்கில்லை; நடைமுறையோடுதான் வழக்கு. எங்கள் பெரியம்மா பீடி சுற்றியவர், வெற்றிலையோடு புகையிலையும் போட்டவர். வாய்ப்புற்று தாடையெலும்பில் இறங்கி வலியில் அலறியவருக்கு, ஒரு மருத்துவமனையில் தூக்க மாத்திரையும் மனச்சோர்வு மாத்திரையுமே வாரக்கணக்கில் கிடைத்தன. மார்ஃபின் கேட்டபோது "பழகிவிடும்" என்றார்கள். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தை 2014இல் திருத்தி, மார்ஃபினுக்காகப் பல உரிமங்கள் தேடி அலையும் நிலையை மாற்றிய பிறகும் இந்தத் தயக்கம் போகவில்லை. வலியில் தூங்காதவரை மயக்கி வைத்துவிட்டு, வலி குறைந்ததாக எழுதிக்கொள்வதற்கு மருத்துவம் என்றா பெயர்?

பாளை மருந்தாளுநர்:
எலும்பை அரிக்கும் கட்டியின் வலிக்கு மார்ஃபினை மறுத்துவிட்டு எந்த மனநல மருந்தைக் கொடுத்தாலும் அது தவறே. அந்தக் கோபத்தை இந்த அம்மாவின் பாதத்தில் இறக்காதீர்கள் என்றுதான் கேட்கிறேன். அது வேறு வலி. மார்ஃபின் மட்டும் அதற்குப் பல நேரம் போதாது.

கடையத்தான்:
அப்படியென்றால், கீமோவால் வரும் நரம்பெரிச்சலுக்கு 2013இல் வெளியான ஆய்வில் பலன் காட்டியது டுலாக்செட்டின் என்னும் இன்னொரு மனச்சோர்வு மருந்து அல்லவா? அமிட்ரிப்டிலினுக்கு அவ்வளவு சான்று இல்லாதபோது அதை எழுதுவது மலிவு என்பதாலா?

பாளை மருந்தாளுநர்:
நல்ல கேள்வி. மலிவும் ஒரு காரணம்தான். ஆனால் மார்பகப் புற்று திரும்பாதிருக்கக் கொடுக்கும் தமாக்சிஃபென் மாத்திரையை உடம்பில் வேலை செய்யும் வடிவத்துக்கு மாற்றும் கல்லீரல் நொதியை டுலாக்செட்டின் ஓரளவு தடுக்கும். அம்மா அந்த மாத்திரையும் சாப்பிடுகிறாரா என்று பார்க்காமல் மாற்றக் கூடாது. அமிட்ரிப்டிலினும் சாதுவான மருந்தன்று. வாய் உலரும், மலம் கட்டும், சிறுநீர் அடைபடலாம்; வயதானவர் இரவில் எழுந்தால் தலைசுற்றி விழக்கூடும்; இதயத் துடிப்பில் கோளாறு உள்ளவருக்கு ஆகாது. வலிக்கென்று டிரமடாலும் சேர்ந்திருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும்.

தென்காசிச் செவிலி:
இருவரும் மனச்சோர்வு என்பதை ஏதோ வசவைப் போலத் தள்ளி வைத்தே பேசுகிறீர்கள். வீடுவீடாகப் போகும் எங்களுக்குத் தெரியும்: புற்றுநோயோடு மனச்சோர்வும் சேர்ந்தவருக்கு அதே வலி இரு மடங்காக அழுத்தும். அதற்குச் சிகிச்சை கொடுத்தால் யாருக்கும் இழிவில்லை. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் நோய்த்தணிப்புச் சிகிச்சையும் வீட்டுக்கே வருகிறது. அம்பையிலும் கேட்டுப் பாருங்கள்.

அம்பைவாசி:
அம்மா தமாக்சிஃபென் சாப்பிடுகிறார், அண்ணாச்சி. ஆகவே இப்போதைக்கு இதையே கொடுத்துப் பார்க்கிறேன். ஆனால் எதற்கென்று சொல்லாமல் கொடுத்தது சரி என்று மட்டும் ஒப்ப மாட்டேன்.

கடையத்தான்:
சீட்டில் "நரம்பு வலிக்கு" என்று எழுதித் தரச் சொல்லுங்கள். அதற்கு எவ்வளவு மை செலவாகிவிடும்?

பாளை மருந்தாளுநர்:
அதில் நானும் உங்கள் பக்கம். தம்பி, முதல் இரவிலேயே எரிச்சல் அடங்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம், ஓரிரு வாரம் ஆகலாம். படுப்பதற்குச் சற்று முன்பே கொடுங்கள், கேட்காமல் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள்.