வாடகைக் குடியிருப்பில் கோதிக் அலங்காரம்: கைவேலையாக எவ்வளவு தூரம் செய்ய முடியும்?

கூர்மாடம் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். சென்னையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வாடகைக்கு இருக்கிறோம். வரவேற்பறை 14 அடிக்கு 10 அடி. தளம் ஒன்பதரை அடி உயரம். மேற்குப் பார்த்த ஒரே ஒரு பெரிய சன்னல். இந்த அறையை, இடைக்கால ஐரோப்பியத் தேவாலயங்களில் காணப்படும் கோதிக் பாணியில் அமைக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. கூர்முனை வளைவு கொண்ட நிலைக்கண்ணாடிச் சட்டம், வண்ணக் கண்ணாடிச் சன்னல், இரும்பு விளக்குத் தாங்கிகள் ஆகியவற்றை இயன்றவரை என் கையாலேயே செய்து பார்க்க விரும்புகிறேன். தையலும் காகித வேலையும் எனக்குப் பழக்கம் உண்டு, மரவேலை தெரியாது.

இடைஞ்சல்கள் இரண்டு. வீட்டு உரிமையாளர் ஆணி அடிக்கவோ சுவரின் வண்ணத்தை மாற்றவோ அனுமதிக்க மாட்டார். எங்களுடன் இருக்கும் என் மாமியார், வீட்டுக்குள் கறுப்பு ஆகாது என்பதில் உறுதியாக இருக்கிறார். ஆனால் இணையத்தில் இந்தப் பாணி என்று காட்டப்படும் படங்கள் எல்லாம் கறுப்புச் சுவர், மண்டையோடு, வௌவால், சிலந்தி வலை என்றே இருக்கின்றன. இவை இல்லாமல், பார்ப்பவர் கோதிக் என்று ஒப்புக்கொள்ளும்படியான ஓர் அறை அமையுமா? அமையும் என்றால் எதில் தொடங்குவது?

அந்திவண்ணம்:

வரலாறு உங்கள் மாமியார் பக்கமே இருக்கிறது. பாரிசுக்கு அருகில் உள்ள சான் தெனி மடாலயத் தேவாலயத்தின் கிழக்குப் பகுதி, மடத்துத் தலைவர் சுஜேரின் முயற்சியால் 1144-இல் அர்ப்பணிக்கப்பட்டது. கோதிக் கட்டடக்கலை அங்கிருந்துதான் தொடங்கியது என்பார்கள். அவர் விரும்பியது இருட்டை அல்ல, வெளிச்சத்தை. கூர்வளைவும் விலாவெலும்பு போன்ற கூரைத் தாங்கிகளும் பாரத்தைத் தூண்களுக்குக் கடத்திவிட்டதால் சுவர் மெலிந்தது, மெலிந்த இடமெல்லாம் கண்ணாடி வந்தது. மண்டையோடும் வௌவாலும் பல நூற்றாண்டுகள் கழித்துப் பேய்க்கதைகளின் வழியாகவும், 1980-களின் இசை ரசிகர்களான இளைஞர் கூட்டத்தின் வழியாகவும் வந்து ஒட்டிக்கொண்டவை. அவை பிடித்தவர்கள் வைத்துக்கொள்ளட்டும். வைத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் யாருக்கும் இல்லை.

உங்களுக்கு நல்ல முன்மாதிரி, இலண்டனை அடுத்த ட்விக்கன்ஹாமில் உள்ள ஸ்ட்ராபெரி ஹில் என்ற வீடு. ஹொரஸ் வால்போல் என்பவர் 18-ஆம் நூற்றாண்டின் நடுவில் தொடங்கிப் பல ஆண்டுகள் சிறிது சிறிதாக அதைக் கோதிக் வீடாக மாற்றினார். வெளிச்சுவர் வெள்ளை. அங்குள்ள நீண்ட கூடத்தின் சுவர்கள் அடர்சிவப்பு. மேலே விசிறி விரித்தாற்போல் இறங்கும் வளைவுக் கூரை வெள்ளையும் பொன்னுமாக மின்னுகிறது. வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் ஏழாம் ஹென்றியின் சிற்றாலயத்தில் கல்லில் உள்ள வேலைப்பாட்டைப் பார்த்துச் செய்யப்பட்ட அந்தக் கூரை கல்லே அல்ல, காகிதக்கூழ். மாடிப்படியின் சுவரில் கல்லில் குடைந்த பலகணிபோல் தெரிவதும் தாளில் தீட்டிய ஓவியந்தான். கோதிக் மறுமலர்ச்சியின் பேர்பெற்ற வீடே காகிதத்தில் செய்யப்பட்டிருக்கும்போது, நீங்கள் மரவேலை தெரியாதே என்று தயங்க வேண்டியதில்லை.

எதில் தொடங்குவது என்று கேட்டால், நிலைக்கண்ணாடிச் சட்டத்தில் தொடங்குங்கள். வண்ணத்தைப் பற்றி இப்போது யோசிக்காமல் வளைவைச் சரியாக வரைந்துகொள்ளுங்கள், ஏனெனில் கைவேலையாகச் செய்யப்படும் பெரும்பாலான கோதிக் பொருள்கள் கெட்டுப்போவது வளைவில்தான்; கண்ணால் பார்த்துக் குத்துமதிப்பாக வரைந்தால் அது வெங்காயக் கூம்பாகவோ அரசிலையாகவோ மாறிவிடும். சட்டத்தின் அகலம் 24 அங்குலம் என்று கொள்வோம். வளைவு புறப்பட வேண்டிய உயரத்தில் ஒரு கிடைக்கோடு போட்டு, அதன் இடமுனையில் நூலின் ஒரு நுனியை அழுத்திப் பிடித்து, வலமுனைவரை, அதாவது 24 அங்குல நீளத்துக்கு, நூலை இழுத்துப் பென்சிலைக் கட்டி மேல்நோக்கி ஒரு வில் வரையுங்கள். வலமுனையிலிருந்தும் அவ்வாறே வரைந்தால் இரு விற்களும் உச்சியில் சந்திக்கும். உச்சி கிடைக்கோட்டிலிருந்து 21 அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாக இருந்தால் நீங்கள் வரைந்தது சரி. இன்னும் ஒல்லியான, ஈட்டிமுனை போன்ற வளைவு வேண்டுமானால் நூலை நீளமாக்கி, அதை ஊன்றும் புள்ளிகளைக் கோட்டுக்கு வெளியே தள்ளுங்கள். உங்கள் தளம் ஒன்பதரை அடிதான் என்பதால் ஈட்டிமுனை வளைவே நல்லது. அது பார்வையை மேலே இழுத்துச் செல்லும்.

அடித்தளமாக சன்போர்டு என்ற எடை குறைந்த நுரைப் பலகையை வெட்டிக்கொள்ளலாம். பேப்பர் கத்தியே போதும். அதன்மேல் காகிதக்கூழ். நம் பாட்டிமார்கள் பழைய செய்தித்தாளை ஊறவைத்து, வெந்தயத்தோடு சேர்த்து ஆட்டிக் கூடையும் தட்டும் செய்தார்களே, அதே கூழ்தான். முட்டை அட்டை கிடைத்தால் செய்தித்தாளைவிட விரைவில் ஊறும், இழையும் நன்றாகப் பிடிக்கும். பூச்சி அரிக்காமல் இருக்க, புத்தகம் கட்டுபவர்கள் பசையில் சேர்ப்பதுபோல் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) சிறிது சேர்க்கலாம்; அது நஞ்சு என்பதால் கையுறை போட்டுக்கொள்ளுங்கள், அரைத்து முடித்த பின்பு தனிப் பாத்திரத்தில் கலவுங்கள், சமையலறை மிக்சியின் பக்கம் கொண்டுபோகாதீர்கள். கூழைக் கால் அங்குலத்துக்கு மேல் ஒரே தடவையில் அப்பினால் மேற்புறம் காய்ந்து உள்ளே ஈரம் நின்று, ஓரங்கள் படகுபோல் மேலே தூக்கிக்கொள்ளும். மெல்லிய பூச்சுகளாகப் போடுங்கள். பலகையின் பின்புறத்திலும் இரண்டு சுற்றுக் காகிதம் ஒட்டிவிட்டால் இழுப்பு இருபுறமும் சமமாகி வளையாது.

கூழ் காய்ந்த பிறகு உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, சுவருக்குப் பூசும் வால் பட்டி ஒரு கை பூசி, மறுபடியும் தேய்த்தால் சுண்ணாம்புக் கல் போன்ற பரப்புக் கிடைக்கும். அதன்மேல் எழும்பி நிற்கும் கொடியும் நான்கிதழ்ப் பூவும் வேண்டுமானால் தஞ்சாவூர் ஓவியக்காரர்களின் மக்கு இருக்கிறது: சுண்ணாம்புத் தூளைப் பசையோடு குழைத்து, மருதாணிக் கூம்பில் நிரப்பி, கோட்டின்மேல் பிழிந்துகொண்டே போக வேண்டியதுதான். இடைக்கால ஐரோப்பிய ஓவியர்களும் பலகையில் இதேபோல் சுண்ணச் சாந்தை எழுப்பித்தான் பொன்தாள் ஒட்டினார்கள். வண்ணம் என்று வரும்போது தந்தவெள்ளை, அரக்குச் சிவப்பு, மங்கிய பொன் ஆகிய மூன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். உங்கள் மாமியார் இவற்றுக்கு மறுப்புச் சொல்வார் என்று நான் நினைக்கவில்லை.

உளிச்சத்தம்:

அந்திவண்ணம் அவர்கள் வளைவு வரையச் சொன்ன முறை சரி. மற்றதில் எனக்கு உடன்பாடு இல்லை. வால்போலின் வீடு அழகுதான், ஆனால் காகிதத்தைக் கல்லாகக் காட்டுவதைக் கோதிக்கின் அடையாளமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று வாதிட்டவர் அதே இங்கிலாந்தில் இருந்தார். பிரித்தானிய நாடாளுமன்றக் கட்டடத்தின் உட்புற அலங்காரத்தை வடிவமைத்த பூஜின், 1841-இல் இரண்டு விதிகளை முன்வைத்தார்: வசதிக்கோ கட்டமைப்புக்கோ பொருத்தப்பாட்டுக்கோ தேவைப்படாத எதுவும் கட்டடத்தில் இருக்கக் கூடாது, அலங்காரம் என்பது தேவையான கட்டமைப்பை அழகுபடுத்துவதாக மட்டுமே இருக்க வேண்டும். சுவர்த்தாளில் தூணையும் வளைவையும் நிழலோடு வரைந்து ஆழம் இருப்பதாக ஏமாற்றுவதை அவர் கடுமையாகக் கேலி செய்தார். சுவர் தட்டையானது, ஆகவே அதன்மேல் வரும் வடிவமும் தட்டையாகவே இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. ராம்ஸ்கேட்டில் 1840-களில் தமக்கென்று கட்டிக்கொண்ட வீட்டில் அவர் அப்படித்தான் செய்தார்.

நான் மரவேலைக் குடும்பத்திலிருந்து வந்தவன். அதனால் என் சாய்வு எந்தப் பக்கம் என்று சொல்லிவிட்டே சொல்கிறேன். சன்போர்டின்மேல் பட்டி பூசிக் கல் என்று சொல்வதைவிட, உண்மையாகவே பயன்படும் ஒரு பொருளைச் செய்வியுங்கள். வீடு இடிக்கும் இடங்களில் பழைய தேக்குச் சட்டங்கள் கிடைக்கும்; காரைக்குடியின் பழம்பொருள் கடைகளிலும் கதவுத் துண்டுகளும் தூண்களும் உண்டு, ஆனால் விலை உங்களைத் திகைக்க வைக்கும். நீங்கள் வரைந்த வளைவைக் காகிதத்தில் வெட்டித் தச்சரிடம் கொடுத்தால் அரை அங்குல பிளைவுட்டில் ஜிக்சா வைத்து அறுத்துத் தந்துவிடுவார். பிளைவுட் வேண்டுமென்று அழுத்திச் சொல்லுங்கள், மர இழைகளை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகை மழைக்காலத்தில் ஈரம் குடித்து விளிம்பில் உப்பிவிடும். அத்தகைய நான்கு வளைவுகளை முன்முகப்பாக வைத்து ஒரு புத்தக அடுக்கு செய்தால் அது தரையில் தானே நிற்கும், ஆணி வேண்டாம், வீடு மாறும்போது கூடவே வரும்.

விளக்குத் தாங்கிக்கு எந்தக் கடையையும் தேட வேண்டாம். தெருமுனைக் கிரில் பட்டறையில் இரும்புப் பட்டையை உங்கள் வரைபடத்தின்மேல் வைத்து வளைத்துப் பற்றவைத்துத் தருவார்கள். கடற்காற்று அடிக்கும் ஊர் என்பதால் துருவைத் தடுக்கும் ரெட் ஆக்சைடு பூச்சு இல்லாமல் வாங்காதீர்கள். அதன்மேல் கறுப்புக்குப் பதிலாக அடர்பழுப்பு அடிக்கலாம்.

அந்திவண்ணம்:

பூஜின் சொன்னது எனக்கும் தெரியும், ஐயா. அவருக்குப் புரவலர்கள் இருந்தார்கள், மின்டன் ஓட்டு ஆலை இருந்தது. மேலே கேட்டிருப்பவரிடம் காகிதமும் பசையும் வாடகை ஒப்பந்தமும் இருக்கின்றன. அந்தப் புத்தக அடுக்கு யோசனையை மட்டும் முழு மனத்தோடு ஏற்கிறேன். வால்போலும் தம் நூலக அடுக்குகளுக்குக் கூர்வளைவு முகப்புத்தான் வைத்தார்.

கூர்மாடம்:

இருவருக்கும் நன்றி. புத்தக அடுக்கைத் தச்சரிடமும் நிலைக்கண்ணாடிச் சட்டத்தைக் காகிதக்கூழிலுமாகச் செய்வது என்று முடிவு செய்திருக்கிறேன். சன்னலைப் பற்றி யாரும் சொல்லவில்லையே? பிற்பகல் 3 மணிக்கு மேல் வெயில் நேராக அடிக்கிறது. கண்ணாடியில் நேரடியாக வண்ணம் தீட்டினால் உரிமையாளர் சம்மதிக்க மாட்டார். கடையில் விற்கும் வண்ணப் படலம் ஒன்றை ஒட்டிப் பார்த்தேன். அறை திருவிழாப் பந்தல்போல் ஆகிவிட்டது.

நீலக்கண்ணாடி:

பந்தல்போல் ஆனதற்குக் காரணம் வண்ணம் அல்ல, வண்ணத்தின்மேல் வேலை இல்லாததுதான். சென்னையிலேயே சாந்தோம் தேவாலயத்துக்கோ, வாய்ப்பிருந்தால் புதுச்சேரியில் உள்ள திரு இருதய ஆண்டவர் தேவாலயத்துக்கோ ஒரு பிற்பகலில் சென்று, ஒரு சன்னலின் அருகில் நின்று பாருங்கள். தூரத்திலிருந்து பார்க்கும்போது வெறும் சிவப்பாகவும் நீலமாகவும் தெரிபவை, கிட்டத்தில் பழுப்புக் கோடுகளாலும் புள்ளிகளாலும் மெல்லிய நிழல்களாலும் மூடப்பட்டிருக்கும். இடைக்காலக் கைவினைஞர்கள் இரும்பு அல்லது செம்பு ஆக்சைடோடு கண்ணாடித் தூளைச் சேர்த்துக் குழைத்த மையால் முகமும் ஆடை மடிப்பும் தீட்டிச் சூளையில் சுட்டார்கள். அந்த மை வெளிச்சத்தை ஆங்காங்கே தடுப்பதால்தான் மீதி வண்ணம் ஒளிர்கிறது.

நீங்கள் செய்ய வேண்டியது: சன்னல் சட்டத்தின் உள்ளளவுக்குக் கால் அங்குலம் குறைவாக, 3 மி.மீ. அக்ரிலிக் தகடு வெட்டித் தரச் சொல்லுங்கள். வடிவத்தைத் தாளில் வரைந்து தகட்டுக்கு அடியில் வைத்து, கண்ணாடித் துண்டுகளை இணைக்கும் ஈயக் கோடுகளுக்குப் பதிலாக லைனரால், அதாவது கண்ணாடி ஓவியத்தில் எல்லைக்கோடு போடும் பசையால், கோடு இழுங்கள். ஒவ்வொரு கட்டமும் முழுமையாக மூடியிருக்க வேண்டும். ஊசிமுனை இடைவெளி இருந்தாலும் நீலம் மஞ்சளுக்குள் இறங்கிவிடும். தகடு தரையில் கிடைமட்டமாக இருக்கும்போதே வண்ணத்தை ஊற்றிப் பரப்பி, முழுவதும் காய்ந்த பின்புதான் நிமிர்த்த வேண்டும். மின்விசிறியை நிறுத்திவிட்டுச் செய்யுங்கள், தூசி ஒட்டினால் எடுக்க முடியாது. கடைசியில் அடர்பழுப்பு அக்ரிலிக் வண்ணத்தைத் தண்ணீர்விட்டுக் கரைத்து மேலே பூசி, ஈரம் காயுமுன் குச்சி நுனியால் கொடிகளைக் கீறி எடுங்கள். பந்தல் மறைந்துபோகும்.

தகடு முழுவதையும் வண்ணத்தால் நிரப்ப வேண்டாம். பாரிசின் சாந்த் ஷப்பேல் சிற்றாலயம் 1248-இல் அர்ப்பணிக்கப்பட்டது. 15 மீட்டர் உயரச் சன்னல்களில் சிவப்பும் நீலமும் நிறைந்து அங்கே அந்த ஒளியிலேயே நிற்கிறோம். அத்தனை உயரம் இல்லாத அறையில் அது மூச்சை அடைக்கும். மேலே மூன்றில் ஒரு பங்கில் மட்டும் நான்கிதழ்ப் பூவும் ஆழ்நீலமும் இருக்கட்டும். கீழ்ப்பகுதி நிறமற்ற தகட்டில் பழுப்புக் கோடுகளாக மட்டும் இருக்கட்டும். கூடவே 14-ஆம் நூற்றாண்டில் பரவிய, வெள்ளிச் சேர்மத்தைப் பூசிச் சுட்டுப் பெறும் வெள்ளிச் சாய மஞ்சளைப் போன்ற வெளிர்மஞ்சள் கொஞ்சம் தெளித்தால் போதும். மேற்கு வெயிலில் கடைப் பூச்சுகள் சில ஆண்டுகளில் வெளுக்கும். அறையை நோக்கிய பக்கத்தில் தீட்டினால் சற்றுக் கூடுதலாகத் தாங்கும். உண்மையான ஈயப் பட்டையில் கண்ணாடி கோக்க ஆசை வந்தால், ஈயம் நஞ்சு என்பதால் வீட்டில் குழந்தைகள் இருந்தால் தள்ளிப்போடுங்கள்.

விளக்கைப் பற்றி ஒரு சொல்: மெழுகுவர்த்தி வேண்டாம். நம் ஊரில் மின்விசிறியும் மெழுகுவர்த்தியும் ஓர் அறையில் சேர்ந்திருக்க முடியாது. இளமஞ்சள் ஒளி தரும் 2700 கெல்வின் எல்.இ.டி. விளக்கு வாங்கிக்கொள்ளுங்கள்.

கூர்மாடம்:

மிகத் தெளிவாக இருக்கிறது. தகட்டுக்கு நாளை அளவு கொடுக்கப் போகிறேன். மயில்துத்தம் எங்கே கிடைக்கும்? ஐப்பசி பிறக்குமுன் காகிதக்கூழ் வேலையை முடித்துவிட வேண்டுமா?

அந்திவண்ணம்:

நாட்டு மருந்துக் கடையில் கேளுங்கள். நீலக் கட்டியாகத் தருவார்கள். கூழ் வேலையைப் புரட்டாசிக்குள் முடித்துவிடுவது நல்லது. அடைமழை தொடங்கிவிட்டால், எத்தனை மின்விசிறி வைத்தாலும் உள்ளே ஈரம் நின்று பூஞ்சை பூத்துவிடும். அப்படி ஆனால் தைக்குக் காத்திருந்து மறுபடியும் தொடங்குங்கள், அதற்குள் பட்டி பூச அவசரப்பட வேண்டாம்.