கோத்தகிரியிலிருந்து கோவைக்கு: வீட்டை விட்டுக் கிளம்புமுன் எதை முதலில் முடிக்கணும்?

மூடுபனி19:
வயசு 19 முடிஞ்சிருச்சு. நான் தன்பாலீர்ப்பாளன்னு வீட்ல தெரிஞ்சுபோச்சு. ஒண்ணு டாக்டர்கிட்ட காட்டணும், இல்ல பொண்ணு பாக்கணும்னு பேச்சு ஓடுது. கோவையில வேலை கிடைச்சிருக்கு, அடுத்த மாசம் சேரணும். ஆனா சிம் அப்பா பேர்ல. பேங்க் கணக்கு சின்ன வயசுல அப்பாவோட சேர்ந்து தொடங்கினது. மார்க் ஷீட் பீரோவுல. "21 வரைக்கும் எங்க பொறுப்பு, ஸ்டேஷன்ல எழுதிக் கொடுத்தா இழுத்துட்டு வந்துருவாங்க"ங்கறார் மாமா. நிஜமா?

தாள்காரன்:
தம்பி, முதல்ல சிம். மத்ததெல்லாம் அதுக்கப்புறம். ஆதார் ஓடிபி எந்த நம்பருக்குப் போகுதோ, டிஜிலாக்கர் (சான்றிதழ் வெக்கிற அரசு ஆப்), பேங்க் எல்லாத்துக்கும் சாவி அந்த நம்பர்தான். உன் பேர்லயே புது சிம் வாங்கி, ஆதார் மையத்துல அந்த நம்பரைச் சேர்த்துடு. கைரேகை போதும், தனியா சான்று எதுவும் கேட்க மாட்டாங்க. கோத்தகிரியில வேண்டாம், கவுண்டர்லயே தெரிஞ்ச முகம் இருக்கும். மேட்டுப்பாளையத்துலயோ கோவையிலயோ பண்ணு, எந்த ஊர்லயும் செல்லும்.

டிஜிலாக்கர்ல 10, 12 மார்க் ஷீட்டை இறக்கிக்கோ. சட்டப்படி அது அசலுக்குச் சமம். ஆனாலும் சில கம்பெனியில தாளைக் கண்ணால பார்த்தாத்தான் நம்புவாங்க. பீரோ திறக்கிற அன்னைக்கு எடுக்க முடிஞ்சா எடு. இல்லைன்னா அதுக்காக நாளைத் தள்ளாதே.

மைனர் கணக்கு 18 ஆனதும் தானா உன் கைக்கு வராது. புதுசா கேஒய்சியும் கையெழுத்து மாதிரியும் கொடுக்கணும். அதைச் சரிபண்ணப் போனா அப்பாவுக்கு மெசேஜ் போகலாம். போஸ்ட் ஆபீஸ்ல 500 ரூபாய் போட்டுத் தனிக் கணக்கு தொடங்குறது சுலபம். ஹாஸ்டல் அட்வான்சு, முதல் சம்பளம் வர்ற வரைக்கும் சாப்பாட்டுச் செலவு, ரெண்டும் அதுல சேரட்டும்.

வீட்ல இருந்து உன் போனைக் கண்காணிக்க வழி இருக்கான்னு, கிளம்புற அன்னைக்குக் காலையில மூணு இடம் பாரு: வாட்ஸாப்புல இணைச்சிருக்கிற சாதனங்கள், கூகுள் மேப்ஸ்ல இருப்பிடப் பகிர்வு, கூகுள் கணக்கோட மீட்பு நம்பர்.

கச்சேரிப்படி:
மாமா குழப்புறார். 21ங்கறது ஆணுக்குக் கல்யாண வயசு. மேஜர் ஆகிறது 18ல. 377 (தன்பாலுறவைக் குற்றம்னு சொன்ன பழைய சட்டப்பிரிவு) கேஸ்னு யாராவது மிரட்டினாலும் பயப்படாதீங்க. வயசுவந்த ரெண்டு பேர் விருப்பத்தோட இருக்கிறது குற்றமில்லைன்னு 2018 செப்டம்பர் 6லயே உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. 2024 ஜூலையில வந்த புதுக் குற்றவியல் சட்டத்துல (பாரதிய நியாய சன்ஹிதா) அந்தப் பிரிவே கிடையாது.

காணாமப் போனதா புகார் கொடுத்தா போலீஸ் தேடத்தான் செய்யும், டவர் வெச்சுக் கண்டும்பிடிக்கும். ஒளியறதுல பிரயோஜனமில்ல. பக்கத்து ஸ்டேஷனுக்கு ஒரு வக்கீலோட போய் வாக்குமூலம் கொடுங்க. வயசுவந்தவங்க சுயவிருப்பத்துல போயிருந்தா வாக்குமூலம் வாங்கிட்டுத் தொந்தரவு பண்ணாம புகாரை முடிக்கணும்னு சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜூன் 7ல உத்தரவு போட்டிருக்கு. நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் கொடுத்தது. அதோட நகல் ஒண்ணு பையில இருக்கட்டும். பல ஸ்டேஷன்ல அதைப் படிச்சிருக்க மாட்டாங்க. ஆட்கொணர்வு மனு (ஆளைக் கோர்ட்டுல கொண்டுவந்து நிறுத்தச் சொல்ற மனு) போட்டாலும் பயமில்ல, நீதிபதி உங்ககிட்டதான் கேட்பார். இலவச சட்ட உதவிக்கு 15100.

பெரும்பாலும் கவுத்துவிடுறது வேற. வீட்டு நகை, பீரோப் பணம், அப்பா பேர்ல இருக்கிற பைக், எதையும் தொடாதீங்க. தொட்டா காணாமப் போன புகார் திருட்டுப் புகாரா மாறும், வாக்குமூலத்தோட முடியாது. கழுத்துச் செயின் யார் வாங்கினதுன்னு சந்தேகம் இருந்தாலும் கழட்டி வெச்சுட்டுப் போங்க.

ஒரு கடிதமும் எழுதுங்க: பிறந்த தேதி, சுயவிருப்பத்துல போறேன், யாரும் கடத்தல, தேதி, கையெழுத்து. ஒண்ணு வீட்ல. இன்னொண்ணு கோத்தகிரி ஸ்டேஷனுக்கு, ஸ்பீட் போஸ்ட்ல.

வெள்ளைக்கோட்டு:
டாக்டர் விஷயம் மட்டும். தன்பாலீர்ப்பை "மாத்துற" சிகிச்சை தொழில் ஒழுங்கீனம்னு தேசிய மருத்துவ ஆணையம் 2022ல அறிவிச்சாச்சு. அதுக்கும் மேல, 2017 மனநலச் சட்டம் பிரிவு 14 படி நியமனப் பிரதிநிதியை (சிகிச்சை விஷயத்துல உங்க சார்பா பேசுற ஆள்) நீங்களே தேர்ந்தெடுக்கலாம். வெள்ளைத்தாள்ல எழுதிக் கையெழுத்து, அவங்க எழுத்துல சம்மதம், அவ்வளவுதான். விருப்பமில்லாம ஒருத்தரை மனநல ஆஸ்பத்திரியில சேர்க்க அந்தப் பிரதிநிதிதான் விண்ணப்பிக்கணும். நீங்க யாரையும் நியமிக்கலைன்னா அந்த இடம் சொந்தக்காரங்களுக்குப் போயிடும். நண்பர் பேரை எழுதிட்டா அப்பாவால விண்ணப்பிக்க முடியாது. மூணு நகல்: உங்ககிட்ட, நண்பர்கிட்ட, வக்கீல்கிட்ட.

பர்லியார்:
பெரிய பை வேண்டாம். கம்பளியும் ஸ்வெட்டரும் கோவையில வேஸ்டு. பஸ் ஸ்டாண்டுல "எங்கப்பா கிளம்பிட்டே"ன்னு கேட்க வைக்கிறதே அந்தப் பைதான். துணியை ரெண்டு வாரமா கொஞ்சம் கொஞ்சமா நண்பன் வீட்டுக்குக் கடத்திடுங்க. முதல் பஸ், கடைசி பஸ் ரெண்டும் வேண்டாம், காலியா இருக்கும், கண்டக்டர் முகத்தை ஞாபகம் வெச்சிருப்பார். வார நாள்ல பத்து மணிக்கூட்டம் சரி. அக்டோபர்லேர்ந்து டிசம்பர் வரைக்கும், மழைக்காலம்னா ரெண்டு நாள் முன்னாடியே இறங்குங்க. குன்னூர் மலைப்பாதையில மண் சரிஞ்சா மொத்த வண்டியும் கோத்தகிரி ரோட்டுக்குத்தான் திரும்பும்.

டேட்டிங் ஆப் இருந்தா தூரம் காட்டுறதை அணைச்சு வைங்க. சின்ன ஊர்ல "200 மீட்டர்"னு காட்டினா எந்த வீடுன்னே தெரிஞ்சுடும்.

மூடுபனி19:
எல்லாருக்கும் நன்றி. ஸ்டேஷனுக்குப் போற தபாலை எங்க போஸ்ட்மேனே பார்ப்பாரே? அப்பாவோட கூட்டாளி அவர்.

கச்சேரிப்படி:
மலையில போடாதீங்க. கோவையில இறங்கின அன்னைக்கே அங்கே போடுங்க. கவர் மேல பேர் எழுதித்தான் ஆகணும், ஆனா அது கோத்தகிரி வர்றப்ப நீங்க அங்க இருக்க மாட்டீங்க. அனுப்புநர் முகவரியில ஹாஸ்டல் வேண்டாம், வக்கீல் ஆபீஸ் போடுங்க. ரசீதைப் போட்டோ எடுத்து வைங்க, அந்த மை ரெண்டு மாசத்துல மங்கிடும்.