ஹெவி பழகின பெண்கள் வாங்க: மனசை விட்டுப் போகாத ஒரு சம்பவம்

திருமங்கலத்துக்காரி

கார் லைசென்ஸ் எடுத்து ஒரு வருஷம் முடிந்ததும் லாரி, பஸ் மாதிரி ஹெவி வண்டிக்கு எல்எல்ஆர் (பழகுநர் லைசென்ஸ்) போட்டேன், டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன், வீட்டில் பேசாமல் இருந்தார்கள், தெருவில் பேசினார்கள். அது எல்லோருக்கும் ஒரே கதைதான், விடுங்கள். எனக்கு உறுத்துவது இடதுபக்கக் கண்ணாடி.

பழகின வண்டி பழைய லேலண்ட் லாரி. திருமங்கலம் தாண்டி விருதுநகர் ரோட்டில் கள்ளிக்குடி வரைக்கும் போய்த் திரும்புவோம். மாஸ்டர் இடதுபக்க சீட்டில், அவர் காலுக்கும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக். அன்றைக்கு அவர் டீ குடிக்க இறங்கினார், நான் சீட்டிலேயே இருந்தேன். பக்கத்தில் ஒரு நாமக்கல் வண்டி, டாரஸ் என்கிற பெரிய லாரி. அதன் டிரைவருக்கு அறுபது வயசு இருக்கும், கையில் டீ கிளாஸோடு என் வண்டியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். அப்புறம் இடதுபக்கப் படியில் ஏறி நின்று, "அம்மிணி, பின் டயரு தெரியுதுங்களா?" என்றார். ரோடு தெரியுதுண்ணே என்றேன். "ரோடு எங்கீங்க ஓடிப் போகப் போகுது" என்று சொல்லிக்கொண்டே, தோள் துண்டால் கண்ணாடியைத் துடைத்து, கீழ்ப்பக்கமாக ஒரு அழுத்து, உள்பக்கமாக ஒரு தள்ளு. பின் டயர் தரையைத் தொடும் இடம் அப்படியே கண்ணுக்குள் வந்தது. அவர் பாட்டுக்கு இறங்கிப் போய்விட்டார்.

திரும்பும்போது இடதுபக்கம் ஒடிக்கையில்தான் முதல்முறையாகப் பார்த்தேன். முன்சக்கரம் போன தடத்தில் பின்சக்கரம் வராது, மூலையை ஒட்டி உள்ளே வாங்கும். மாஸ்டர் இதைத் தினமும் வாயால் சொல்லிக்கொண்டுதான் இருந்தார். ஆனால் கண்ணாடி அத்தனை நாளும் அவர் கண்ணுக்குத் திருப்பி வைத்தபடியேதான் இருந்தது. அப்படியென்றால் அதுவரைக்கும் வண்டியை ஓட்டினது யார்? வீட்டுக்காரரிடம் கேட்டால், நீயே திருப்பிக்க வேண்டியதுதானே என்கிறார்.

உங்களுக்கும் இப்படி ஏதாவது உறுத்திக்கொண்டே இருந்தால் எழுதுங்கள்.

உசிலம்பட்டி ரோடு

நான் ஸ்கூலில் சேர்ந்தது ஃபாரத்துக்கும் சர்டிபிகேட்டுக்கும்தான், பழகினது அப்பா வண்டியில். கம்பத்திலிருந்து தேங்காய் ஏற்றிக்கொண்டு மதுரைக்கு. லைசென்ஸ் வந்தபிறகு அப்பா இல்லாமல் வந்த முதல் லோடு, கூட கிளீனராக என் தம்பி. எடைமேடையில் ஏற்றி நிறுத்தினேன், ஜன்னலுக்குள் இருந்தவர் டிரைவர் பேர் என்ன என்று கேட்டார். சொன்னேன். என் முகத்தைப் பார்த்தார், கம்ப்யூட்டரைப் பார்த்தார், அப்புறம் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, கயிறு சரிபார்த்துக்கொண்டிருந்த தம்பியிடம், "தம்பி, உன் பேரு என்னப்பா?" என்றார். அவன் ஒரு வெள்ளந்தி, கேட்டதும் சொல்லிவிட்டான்.

சீட்டு வந்தது. வண்டி நம்பர், நேரம், எடை, டிரைவர் என்ற இடத்தில் தம்பி பேர். அவனுக்கு ஸ்கூட்டர் லைசென்ஸ்கூடக் கிடையாது! வழியில் யாராவது மடக்கி அந்தச் சீட்டைப் பார்த்திருந்தால் யார் மாட்டுவது? திரும்பப் போய் மாற்றச் சொல்லலாம் என்றால் பின்னால் ஏழெட்டு வண்டி ஹாரன் அடிக்கிறது. வீட்டுக்கு வந்து அப்பாவிடம் காட்டினேன். "எடை சரியா இருக்கா, அதைப் பாரு" என்றார். எடை சரியாகத்தான் இருந்தது.

பழைய ஏழாம் நம்பர்

இரண்டு பாப்பாவும் நன்றாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் அந்த மாஸ்டரைக் குறை சொல்லக் கூடாது. பழகுகிற பிள்ளை தடுமாறினால் பிரேக்கை மிதிக்க வேண்டியவர் அவர், அவருக்குப் பின்னால் வருவது தெரிய வேண்டாமா? கூட ஒரு சின்னக் கண்ணாடி மாட்டியிருக்கலாம், அவ்வளவுதான்.

என் அனுபவம் சின்னது. 1993இல் குமரி மாவட்டத்து வசந்தகுமாரி அரசு பஸ்சுக்கு டிரைவராகச் சேர்ந்த சமயம், எங்கள் லாரி செட்டில் அதுதான் பேச்சு. "ஸ்டியரிங் ஒடிக்க ஒரு பொம்பளைக்குத் தோள்ல தெம்பு ஏது" என்று ஒரு மூத்த டிரைவர் அடித்துச் சொன்னார். அன்றைக்கு எங்கள் வண்டி எதிலும் பவர் ஸ்டியரிங் கிடையாது, யாரும் மறுத்துப் பேசவில்லை. அதே மனுஷன் அன்று சாயங்காலம் சட்டையைக் கழற்றிவிட்டுக் குப்புறப் படுத்து, தோள்பட்டை பிடித்துக்கொண்டது, கொஞ்சம் தைலம் தேய்த்துவிடுடா என்று கிளீனர் பையனைக் கூப்பிட்டது இன்னும் கண்ணில் நிற்கிறது.

இப்போது பழகுகிறவர்களுக்கு ஒரு சில விஷயம். காலையில் ஸ்டார்ட் செய்ததும் வண்டியை நகர்த்தாதீர்கள், பிரேக்குக்கு ஏர் ஏறட்டும், ஏர் மீட்டர் முள் மேலே வந்தபிறகுதான் ஹேண்ட்பிரேக்கை விட வேண்டும். ஏர் பிரேக் வண்டியில் சும்மா சும்மா மிதித்தால் காற்று இறங்கும், ரொம்ப இறங்கினால் பின்சக்கரம் தானாகவே பூட்டிக்கொண்டு நடுரோட்டில் நிற்பீர்கள். தேனிப் பக்கமிருந்து லோடோடு வரும்போது ஆண்டிப்பட்டி கணவாயில் ஏறுகிற கியர் எதுவோ அதே கியரில்தான் இறங்க வேண்டும், டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுகிறவன் டிரைவரே இல்லை. இன்ஜினை வைத்தே வேகத்தை அடக்குகிற எக்ஸாஸ்ட் பிரேக் எதற்கு வைத்திருக்கிறான்? இறக்கம் முழுக்க பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் டிரம் சூடேறி லைனிங் தீய்கிற வாடை வரும், வாடை வந்துவிட்டால் பிரேக்கில் பாதி போய்விட்டது என்று அர்த்தம். ஓரங்கட்டி ஆறவிடுங்கள், அவசரப்பட்டுத் தண்ணீர் ஊற்றினால் டிரம் விரிசல் விடும். தார்ப்பாய்க் கயிறு கொஞ்ச தூரம் ஓடினதும் தளரும், அலுப்புப் பார்க்காமல் இறங்கி இன்னொரு தரம் இழுத்துக் கட்டுங்கள். இன்னும் இருக்கிறது, கண் வலிக்கிறது, நாளைக்கு வருகிறேன்.

மேலூர்ப் பொண்ணு

பெரியப்பா, கும்பிட்டுக்கிறேன், நியூட்ரல் பாடம் இங்கே யாரும் கேட்கவில்லை. அதையெல்லாம் ஸ்கூலிலேயே சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள். சொல்லிக் கொடுக்காத ஒன்று இருக்கிறது, ஒண்ணுக்கு எங்கே போவது என்று. ஆம்பளைகளுக்கு டயர் ஓரம் போதும்.

தூத்துக்குடி துறைமுகத்துக்கு லோடு, அண்ணனும் நானும் மாற்றி மாற்றி ஓட்டுவோம். அருப்புக்கோட்டை ரோட்டில் ஒரு பங்க், ராத்திரி ஒரு மணிக்கு மேல் இருக்கும். டாய்லெட் பூட்டியிருந்தது. சாவி கேட்டேன். "எந்த பஸ்சும்மா?" என்றார் அங்கே இருந்தவர். லாரி என்றேன். அவர் சாவியை எடுத்தார், ஆனால் கொடுக்கவில்லை. டார்ச்சையும் எடுத்துக்கொண்டு என் பின்னாலேயே வண்டிவரை வந்து, டிரைவர் சீட்டில் வெளிச்சம் அடித்தார், பின்னால் படுத்திருந்த அண்ணன் மேல் அடித்தார், அண்ணன் திடுக்கிட்டு எழுந்து என்ன என்ன என்கிறான், அப்புறம் என் முகத்தில் அடித்தார். எல்லாம் முடிந்தபிறகுதான் சாவி. ஒரு முழக் கட்டையில் கட்டின சாவி. உள்ளே போனால் பாதி இடத்தில் ஆயில் டப்பா, குழாயில் தண்ணீர் இல்லை.

அதற்கப்புறம் பொழுது சாய்ந்தால் தண்ணீர் குடிப்பதையே விட்டேன், நீர்க்கடுப்பு வந்து டாக்டரிடம் திட்டு வாங்கினேன். இப்போது டோல்கேட் டாய்லெட்டைக் கணக்கு வைத்துத்தான் ஓட்டுகிறோம். நான்குவழிச் சாலையில் அது ஓரளவு சரி. உள்ரோட்டில் லோடு இருந்தால் என்ன செய்வீர்கள் பெரியப்பா, அதைச் சொல்லுங்கள்.

பேட்ஜ் பாண்டி

தங்கச்சிகளா, எதற்கு எடுத்த எடுப்பிலேயே ஹெவி? குட்டியானை மாதிரி சின்ன லோடு வண்டி ஓட்டிப் பழகுங்கள், காய்கறி லோடு எடுத்துக்கொண்டு பரவை மார்க்கெட்டுக்குள்ளேயே சுற்றினால்கூட நாலு காசு வரும், ராத்திரி வீட்டில் இருக்கலாம். ஆனால் அதற்கும் வாடகை வண்டி ஓட்டுவதற்கான பேட்ஜ் வேண்டும், எட்டாவது பாஸ் சர்டிபிகேட் வேண்டும். என் அக்கா மகள் நன்றாக ஓட்டும், அஞ்சாவதோடு நின்றுவிட்டது. ஆபீஸ் வாசலில் ஃபாரம் எழுதுகிறவர் மார்க் ஷீட்டைக் கேட்டதும், அந்தப் பிள்ளை கையிலிருந்த மஞ்சப்பையைத் திறந்து திறந்து தேடுகிற மாதிரி நடித்தது, அதில் ரேஷன் கார்டைத் தவிர ஒன்றும் இல்லை. அதைப் பார்த்தபிறகு யாருக்கும் இந்த வழி சொல்வதில்லை.

கண்மாய்க்கரை

பாண்டி அண்ணே, நீங்கள் சொல்வது இரண்டுமே பழசு. எட்டாவது பாஸ் விதியை 2019லேயே எடுத்துவிட்டார்கள், அக்கா மகளை உடனே கூட்டிக்கொண்டு போங்கள். மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருக்கிற வண்டிக்கு கார் லைசென்ஸே போதும் என்று உச்ச நீதிமன்றத்தில் 5 நீதிபதிகள் 2024 நவம்பரில் தீர்ப்புச் சொல்லியாகிவிட்டது, குட்டியானை எல்லாம் அதற்குள் வந்துவிடும். ஹெவிக்குத்தான் 20 வயசு, கார் லைசென்ஸ் எடுத்து ஒரு வருஷம். பெட்ரோல், கேஸ் மாதிரி ஆபத்தான லோடுக்கு விதி தனி.

சரி, என் கதை. மேட்டில் நிறுத்தி எடுக்கிறது டெஸ்டில் உண்டல்லவா, பின்னால் ஒரு அடிகூட உருளக் கூடாது, அதற்காக எங்கள் ஊர்க் கண்மாய்க்கரை ஏற்றத்தில் பழகுவோம். ஆண்கள் நாலு பேர், நான் ஒருத்தி. எனக்கு இது முதலிலிருந்தே நன்றாக வந்தது. பாதி கிளட்சில் வண்டி லேசாக உதறும், அப்போது ஹேண்ட்பிரேக்கை விட்டால் நிற்கிற இடத்திலிருந்து அப்படியே மேலே ஏறும். மற்றவர்களுக்கு உருளும், எனக்கு உருளாது. பெருமையாக இருந்தேன்.

கூடப் பழகின ஒருத்தர் என்னைப் போனில் வீடியோ எடுத்து அனுப்பினார், ஸ்டேட்டஸ் வைக்கச் சொல்லி. அதில் பார்க்கிறேன், நான் மேட்டில் நிறுத்தின உடனே ஸ்கூலில் உதவிக்கு இருக்கிற ஐயா குனிந்து ஓடிவந்து பின்சக்கரத்துக்குக் கல் வைக்கிறார். வண்டி ஏறினதும் கல்லை எடுத்துக்கொண்டு சிரித்துக்கொண்டே ஒதுங்குகிறார். மற்ற நாலு பேருக்கும் வைத்தாரா என்று கேட்டேன். "ஆம்பளப் பயலுகளுக்கு எதுக்குத்தா கல்லு" என்றார். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, மனுஷர் எனக்கு முறுக்கெல்லாம் வாங்கிக் கொடுத்திருக்கிறார். டெஸ்டில் நான் பாஸ், அங்கே யாரும் கல் வைக்கவில்லை. இருந்தாலும் இன்றைக்கும் மேம்பாலத்தில் டிராபிக் நின்றால் இரண்டு பக்கக் கண்ணாடியிலும் ஆள் யாராவது குனிகிறார்களா என்றுதான் முதலில் பார்க்கிறேன்.

ரெண்டு வண்டிக்காரன்

எல்லோரும் டிரைவர் பக்கமே பேசுகிறீர்கள், ஓனர் பக்கம் என்று ஒன்று உண்டு. ரிங் ரோடு பக்கம் என் ஷெட். டிரைவர் தேவை என்று போர்டு போட்டிருந்தேன். முப்பது வயசு இருக்கும், ஒரு பொண்ணு அவங்க அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தது. ஹெவி லைசென்ஸ், ஒரிஜினல்தான். நான் என்ன யோசிப்பேன்? போன இடத்தில் லோடு இறங்க இரண்டு நாள்கூட ஆகும், கேபினில்தான் படுக்க வேண்டும், கிளீனர் ஒரு வாலிபப் பையன், ஏதாவது ஒன்று என்றால் அந்த அம்மாவுக்கு யார் பதில் சொல்வது? சொல்லி அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

வாசலில் லோடுக்குத் தயாராக ஒரு வண்டி நின்றது. அதைத் தாண்டிப் போகிற போக்கில் அந்தப் பொண்ணு கீழே கிடந்த ராடை எடுத்துப் பின் டயரில் ஒரு தட்டு. வெளி டயர் ணங் என்றது. உள்ளே விட்டு இன்னொரு தட்டு, தொப் என்றது. "உள் டயர்ல காத்து இல்லண்ணே" என்று சொல்லி, ராடை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போனது. என் டிரைவர் பார்க்கவில்லை, கிளீனர் பார்க்கவில்லை. அப்படியே லோடு ஏற்றியிருந்தால் வெளி டயர் ஒன்றே இரண்டு டயர் பாரத்தையும் தாங்கி, சூடேறி, எங்கே வெடித்திருக்குமோ. இருந்தாலும் என் முடிவு தப்பு என்று நான் சொல்ல மாட்டேன், பாதுகாப்பு என்று ஒன்று இருக்கிறது.

மேலூர்ப் பொண்ணு

யாருக்குப் பாதுகாப்பு? கிளீனர் சரியில்லை என்றால் கிளீனரை மாற்ற வேண்டும், வேலை கேட்டு வந்தவளை அல்ல. போபாலில் யோகிதா ரகுவன்ஷி என்று ஒருவர், சட்டம் படித்துவிட்டு வெளிமாநிலத்துக்கெல்லாம் லாரி ஓட்டுகிறவர், அவருக்கென்ன போகிற ஊரிலெல்லாம் பங்களாவா இருக்கிறது? 2025 அக்டோபரிலிருந்து தயாராகிற லாரிக்கெல்லாம் ஏசி கேபின் கட்டாயம் ஆகிவிட்டது, கண்ணாடியை ஏற்றிப் பூட்டிக்கொண்டு படுக்கலாம். நீங்கள் புது வண்டி வாங்குகிற வழியைப் பாருங்கள்.

பழைய ஏழாம் நம்பர்

இன்ஜின் ஓடினால்தான் பாப்பா ஏசி. ராத்திரி முழுக்க ஓட்டினால் டீசல் காசை யார் கொடுப்பது? உள்ரோட்டில் ஒண்ணுக்கு என்ன செய்வது என்று கேட்டாய், எனக்கும் பதில் தெரியவில்லை.

திருமங்கலத்துக்காரி

வண்டிக்கார அண்ணே, அந்தப் பொண்ணை அப்புறம் கூப்பிட்டீர்களா? அந்த டயர் என்னதான் ஆச்சு?

ரெண்டு வண்டிக்காரன்

வால்வு போயிருந்தது. வேலைக்கு வேறு ஆள் போட்டேன், தீபாவளிக்கு ஊருக்குப் போனவர் வரவே இல்லை. இப்போது நானே ஓட்டுகிறேன், முதுகு விட்டுப் போகிறது. அந்தப் பொண்ணு நம்பரை வாங்கி வைக்கவில்லை.

பழைய ஏழாம் நம்பர்

வால்வு என்றதும் நினைவு வந்தது. எல்லா டயருக்கும் வால்வு மூடி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள் தம்பி, உள் டயருக்கு எவனும் மாட்டுவதில்லை, மண் ஏறி ஊசி நிற்காமல் காற்று கசியும். நீட்டு வால்வு வாங்கிப் போட்டுவிட்டால் உள் டயருக்குக் காற்றடிக்கிறது சுலபம். அப்புறம் இந்த டியூப்லெஸ் டயர் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும், நாளைக்கு எழுதுகிறேன்.