ஸ்டார்ட்டிங் பிட்சர் எறியிற நாள் நம்மட கணக்குக்குப் பிடிபடுதில்லை

கல்லடிப்பாலம்:
அமெரிக்க பேஸ்போல் லீக்கான எம்.எல்.பி.யில் எனக்கு அணியை விட, பந்து எறியிற பிட்சர்தான் முக்கியம். பிடிச்ச ஸ்டார்ட்டர் (ஆட்டத்தைத் தொடங்கி எறியிற பிட்சர்) வாற ஆட்டத்தைத்தான் நேரலையில் பார்க்கிறது. அஞ்சு பேர் சுழற்சி, இடையில் நாலு நாள் ஓய்வு என்று தெரியும். ஒருத்தர் புதன் விடிய 4.40 ஆட்டத்தில் எறிஞ்சவர். வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறு ஓய்வு, திங்கள் விடிய வருவார் என்று எண்ணினால் ஞாயிறு இரவே எறிஞ்சு முடிச்சிட்டார். இன்னொருத்தர் ஆட்டத்துக்கு முந்தின நாள் வரைக்கும், ஆர் எறிவார் என்று முன்கூட்டிப் போடுற பட்டியலில் இருந்தார், ஆட்டம் தொடங்க வேற ஆள் நிக்கிறார். மட்டக்களப்பில் இருந்து இதைப் பிழையில்லாமல் பின்தொடர என்ன வழி?

சம்மாந்துறை_இடக்கை:
தம்பி, ஓய்வை நம்மட திகதியில் எண்ணினதுதான் பிழை. கோடையில் நியூயோர்க்கை விட நாம ஒன்பதரை மணித்தியாலம் முன்னுக்கு. அங்க செவ்வாய் இரவு 7.10 ஆட்டம் நமக்குப் புதன் விடிய 4.40. அவர் எறிஞ்சது செவ்வாய். புதன், வியாழன், வெள்ளி, சனி ஓய்வு, ஞாயிறு திரும்ப முறை. ஞாயிறு ஆட்டம் அங்க அனேகமாகப் பகலில்தான். 1.40க்குத் தொடங்கினால் நமக்கு அதே ஞாயிறு இரவு 11.10. அதனால்தான் ஒரு நாள் காணாமல் போன மாதிரி தெரியுது.

அமெரிக்கத் திகதியிலேயே எண்ணி, கடைசியில் மட்டும் நேரத்தை மாத்துங்க. மேற்குக் கரையில் இரவு 7.10 என்றால் நமக்கு அடுத்த நாள் காலை 7.40. நவம்பர் முதல் ஞாயிறு அங்க கடிகாரத்தைப் பின்தள்ளுவாங்க, அதுக்குப் பிறகு நியூயோர்க்குக்குப் பத்தரை மணித்தியாலம். அரிசோனா மட்டும் கடிகாரத்தைத் தொடுறதே இல்லை.

நாலு நாள் என்றதும் கல்லில் எழுதினது இல்லை. இடையில் அணிக்கு ஆட்டமில்லாத நாள் வந்தால் பெரும்பாலும் எல்லாருக்கும் ஒரு நாள் கூடும். சில அணி அஞ்சாம் ஆளைத் தாண்டி முதல் ஆளுக்குப் போகும். பிட்சர் யமாமோட்டோ போல ஜப்பானில் வாரம் ஒருக்கா எறிஞ்சு பழகினவங்களுக்கு அஞ்சு, ஆறு நாள் கொடுக்கிறதும் வழக்கம்.

வாழைச்சேனை_கேட்சர்:
ரெண்டாவது கேள்விக்கு வாறன். அந்தப் பட்டியல் அணியின் எண்ணத்தைத்தான் சொல்லும். ஆட்டத்துக்கு ரெண்டு, மூணு நாள் முன்னமே போடுறது. முடிவாகாத இடத்தில் டி.பி.டி. (இன்னும் முடிவாகேல்ல) என்று இருக்கும். மழையால் ஆட்டம் நின்றால் வரிசை தள்ளும், அல்லது அடுத்த நாள் இரட்டை ஆட்டமாகி கீழ்மட்ட மைனர் லீக்கில் இருந்து ஒருத்தர் வருவார். விரலில் கொப்புளம், தோளில் இறுக்கம் என்றால் கடைசி நேரத்திலும் ஆளை விலக்குவாங்க. பிட்சர் காயப்பட்டோர் பட்டியலுக்குப் போனால் குறைஞ்சது 15 நாளைக்கு ஆட முடியாது, அவரை மூன்று முறைக்கு மறந்திடலாம்.

அதனால் போன முறை எத்தனை பந்து எறிஞ்சார் என்று பாருங்க. 90, 100 வழக்கம். 40 பந்தோட ஆட்டத்தில் இருந்து இறக்கினால் ஏன் என்று தேடுங்க, அடுத்த முறை சந்தேகம். ஆடுறவங்கட பெயர் உள்ள வரிசை அட்டை ஆட்டத்துக்கு மூணு, நாலு மணித்தியாலம் முன்ன வரும். 4.40 ஆட்டத்துக்கு அது நடுச்சாமம். ஆகவே அலாரத்தை 4.15க்கு வைச்சு, பெயரைப் பார்த்திட்டு எழும்புறதா படுக்கிறதா என்று முடிவெடுங்க. அட்டை நடுவர் கைக்குப் போயிட்டால், காயம், சுகயீனம் இல்லாட்டி அந்த ஸ்டார்ட்டர் குறைஞ்சது ஒரு பேட்டருக்காவது எறிஞ்சு முடிக்க வேணும் என்று விதி.

ஓப்பனரிலும், அதாவது கொஞ்ச நேரம் மட்டும் எறிஞ்சு தொடங்கி வைக்கிற பிட்சரிலும், கவனம். 2018 மே 19 அன்று டாம்பா பே ரேஸ், ஏஞ்சல்ஸ் அணிக்கு எதிராக ரிலீவர் (வழக்கமாக இடையில் வந்து எறியிறவர்) செர்ஜியோ ரோமோவைத் தொடங்க விட்டது. ஒரு இன்னிங்ஸ், மூணு ஸ்ட்ரைக்அவுட், அதோட அவர் வேலை முடிஞ்சுது. இப்ப பல அணியும் இதைச் செய்யுது. பட்டியலில் ரிலீவர் பெயர் இருந்தால் நீங்க தேடுற ஆள் ரெண்டாம் இன்னிங்ஸில் வரலாம்.

கல்லடிப்பாலம்:
நன்றி காக்கா, நன்றி அண்ணே. 5.00க்கு எழும்பினால் எவ்வளவு தவறும்?

சம்மாந்துறை_இடக்கை:
உள்ளூர் அணியின் பிட்சர்தான் முதல் எறிவார், அவர்ட முதல் இன்னிங்ஸ் போயிடும். வெளியூர்க்காரர் என்றால் பத்து நிமிசம்போலப் பிந்தித்தான் எறியிற மேட்டுக்கு ஏறுவார், அவர்ட முதல் இன்னிங்ஸில் கொஞ்சம் பார்க்கக் கிடைக்கலாம். கிரிக்கெட் மாதிரி ரெண்டாவது ஸ்பெல் கிடையாது, இறக்கினால் இறக்கினதுதான். 2023இல் பந்துக்கு நேரக்கணக்கு வந்த பிறகு ஆட்டம் வேகம், அஞ்சு இன்னிங்ஸ் 6.15 அளவில் முடியும்.

ஒண்டு மட்டும் கிரிக்கெட் கணக்கு உதவும். ஓட்டப் பலகையில் 5.2 இன்னிங்ஸ் என்றால் அஞ்சு இன்னிங்ஸும் ரெண்டு அவுட்டும். இ.ஆர்.ஏ. (ஒன்பது இன்னிங்ஸுக்குப் பிட்சர் கொடுக்கிற ஓட்டச் சராசரி) போடும்போது அதை 5.67 ஆக்குங்க. பிட்சர் கணக்கில் சேரும் ஓட்டம் 4 என்றால் நாலொன்பது 36, அதை 5.67ஆல் வகுத்தால் 6.35. நேரே 5.2ஆல் வகுத்தால் 6.92 வந்து நல்ல பிட்சரையும் மோசமாக் காட்டும்.

வாழைச்சேனை_கேட்சர்:
விடிய எழும்புறது கஷ்டமான வாரத்தில் ஜப்பான் லீக்கைப் பாருங்க. அங்க மாலை 6.00 என்றால் நமக்குப் பின்னேரம் 2.30, வருசம் முழுக்க மாறாது. ஸ்டார்ட்டரை ஆட்டத்துக்கு முந்தின நாளே அங்க உள்ள ரெண்டு லீக்கும் அறிவிக்கும். திங்கள் பெரும்பாலும் ஆட்டமில்லை, ஆறு பேர் சுழற்சி. வெள்ளி எறிஞ்சவர் அனேகமாக அடுத்த வெள்ளிதான்.